தோளில் தொங்குகிறது, மார்பில் இழுக்கிறது: நானே தைத்த சுடிதார் டாப் ஏன் உட்காரவில்லை?

சத்துவாச்சாரி சுடிதார்:

வணக்கம் தோழிகளே. இரண்டு வருடமாக வீட்டில் தைக்கிறேன். தலையணை உறை, பாப்பாவுக்குப் பாவாடை, அம்மாவுக்கு நைட்டி என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நைட்டி எந்தத் தப்பையும் மறைத்துவிடும், அதனால் எனக்குத் தெரியாதது எதுவும் வெளியே வரவில்லை. போன மாதம்தான் துணிந்து எனக்கென்று ஒரு காட்டன் டாப் வெட்டினேன். நெட்டில் இறக்கிய பேட்டர்ன், அதாவது துணியில் வைத்து வெட்டும் தாள் அச்சு. என் மார்பளவு 38, ஆகவே 38 சைஸை எடுத்துக்கொண்டேன்.

போட்டுப் பார்த்தால் ஷோல்டர் இரண்டு பக்கமும் கைமேல் இறங்கி நிற்கிறது. குனிந்தால் கழுத்து வாய் பிளக்கிறது. சரி, லூஸ்தானே என்று பக்கத் தையலை உள்ளே பிடித்தேன். உடனே மார்பில் இழுக்கிறது, முன்பக்க விளிம்பு மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கம் தொங்குகிறது. ஒரே துணி ஒரே ஆளுக்குப் பெரிதாகவும் சிறிதாகவும் எப்படி இருக்கும்? மூன்று முறை பிரித்தாயிற்று. தையல் ஓரம் நார்நாராக வந்துவிட்டது. மாமியார் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குமா இந்த வேலை, அளவு ஜாக்கெட்ட எடுத்துனு போய் டைலர்கிட்ட குடுத்தா முடிஞ்சுபோச்சு" என்கிறார். அவர் சொல்வதுதான் சரியோ?

நூல்கண்டு:

முதலில் பிரிண்ட்டைப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு அடங்கும்படி சுருக்கிவிடுவார்கள், நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். பேட்டர்ன் தாளில் ஒரு சோதனைக் கட்டம் போட்டிருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். எனக்கு ஒரு முறை 10 செ.மீ. கட்டம் 9.5 வந்தது. பையனுக்குத் தைத்த சட்டை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போனது.

சத்துவாச்சாரி சுடிதார்:

அளந்தேன். சரியாக 10 இருக்கிறது. பிரிண்ட் மேல் பழி போட முடியாது.

பழைய உஷா:

கண்ணு, மாமியார் சொன்னதில் பாதி சரி. டைலரிடம் போக வேண்டாம், ஆனால் அளவு உடுப்பை வைத்து வெட்டு. வாலாஜாவில் முப்பது வருடமாகக் கால்மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பில் டேப் பிடித்தால் ஆளுக்கு ஆள் ஒரு கணக்கு வரும். மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம். நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய டாப்பை மேஜையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, தையலுக்கு முக்கால் இன்ச் விட்டு வெட்டு. நெட்டும் வேண்டாம் பிரிண்ட்டும் வேண்டாம்.

பாபின்:

அம்மா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவள். ஆனாலும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொருந்துகிற டாப் ஒன்று இருந்தால்தானே அதைப் பார்த்து வெட்டுவது? நம்மில் பாதிப்பேர் வீட்டில் தைக்க ஆரம்பித்ததே கடையில் எதுவும் பொருந்தவில்லை என்றுதான். அதோடு பழைய உடுப்பு துவைத்துத் துவைத்து நெகிழ்ந்திருக்கும், அந்த நெகிழ்வும் புதுத்துணிக்கு வந்துவிடும். டாட், அதாவது உடம்பு வளைவுக்காக முக்கோணமாக மடித்துத் தைக்கும் மடிப்பு, அது பிடித்த துணியை மேஜையில் தட்டையாக விரிக்கவும் முடியாது.

சத்துவாச்சாரி தோழி, நீங்கள் சொன்ன அளவு முழு மார்பு. இன்னோர் அளவு வேண்டும். டேப்பை அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலாக, முதுகைச் சுற்றிப் பிடியுங்கள். அது எவ்வளவு?

சத்துவாச்சாரி சுடிதார்:

35. மூன்று முறை பார்த்தேன், மூச்சை இழுக்காமல்!

பாபின்:

அதுதான் விஷயம். 35க்கும் 38க்கும் 3 இன்ச் வித்தியாசம். அமெரிக்கப் பேட்டர்ன் கம்பெனிகள் இரண்டு அளவுக்கும் நடுவே 2 இன்ச் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் வரைகிறார்கள். பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் சைஸ் வாரியாகக் காகிதப் பேட்டர்ன் விற்க ஆரம்பித்ததிலிருந்து இந்தத் தொழிலே சராசரி ஆளை நம்பித்தான் ஓடுகிறது. நம் ஊர்த் தையல் வகுப்பும் அதற்குக் குறைந்தது இல்லை. எங்கள் வகுப்பில் கை சேரும் வளைவான ஆம்ஹோலின் ஆழத்துக்கு மார்பில் ஆறில் ஒரு பங்கு என்று சூத்திரம் கொடுத்தார்கள். மார்பு பெரிதானால் ஆம்ஹோலும் பெரிதாகும். ஆனால் எலும்பு அப்படி வளர்வதில்லையே. பிள்ளை பெற்று மார்பு 2 இன்ச் கூடியவளுக்குத் தோள்பட்டையுமா கூடும்?

நீங்கள் 38 எடுத்ததால் தோளும் கழுத்தும் முதுகும் 38காரிக்கு வெட்டியதாகிவிட்டது. உங்கள் எலும்புக்கூடு 36 சைஸ். மேல் மார்பு 35, அதோடு 2 கூட்டினால் 37. இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் சின்னதையே எடுங்கள். தோளைக் குறைப்பதுதான் பெரிய வேலை, மார்பில் இடம் கொடுப்பது அதைவிட எளிது.

இப்போது 36 சைஸ் முன்பக்கத் தாளை எடுங்கள். 38க்கு 2 இன்ச் குறைகிறது. தாளில் இருப்பது பாதி முன்பக்கம், ஆகவே கூட்ட வேண்டியது 1 இன்ச். பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

மார்பு முனை எங்கே வருகிறது என்று உடம்பில் அளந்து தாளில் புள்ளி வையுங்கள். ஷோல்டரிலிருந்து எவ்வளவு கீழே, நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்த்தால் போதும். அந்தப் புள்ளியிலிருந்து கீழ் விளிம்புவரை, நடுக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு. புள்ளியிலிருந்து ஆம்ஹோலின் கீழ்ப்பாதிக்கு ஒரு சாய்கோடு. பக்கத் தையலிலிருந்து புள்ளிக்கு மூன்றாவது கோடு. கீழ் விளிம்பில் கத்தரியை வைத்துப் புள்ளிவரை வந்து, அப்படியே சாய்ந்து ஆம்ஹோல் தையல்கோடுவரை போய், மயிரிழை விட்டு நிறுத்துங்கள். பக்கத்துக் கோட்டையும் வெட்டிக்கொண்டு வந்து புள்ளிக்கு முன்னால் மயிரிழை விடுங்கள். இப்போது நேர்வெட்டை 1 இன்ச் விரியுங்கள், இரண்டு ஓரமும் இணையாக இருக்கட்டும். விரிக்கும்போதே பக்கத்தில் ஒரு முக்கோணம் தானாகத் திறக்கும். அதுதான் டாட். பக்கத்துண்டு கீழே இறங்கியிருக்கும். நடுத்துண்டின் கீழ்ப்பகுதியைக் கிடையாக வெட்டி, அதையும் அதே அளவுக்கு இறக்கி ஒட்டுங்கள்.

கடைசியில் இறக்கினோமே, உங்கள் முன்விளிம்பு தூக்கியதற்கு மருந்து அதுதான். மேட்டில் ஏறி இறங்கத் துணிக்கு அகலம் மட்டும் போதாது, நீளமும் வேண்டும். பக்கத் தையலை எத்தனை முறை பிரித்தாலும் அந்த நீளம் கிடைத்திருக்காது.

டாட் நுனி புள்ளிக்கு 1 இன்ச் முன்பே முடியட்டும். புள்ளிவரை கொண்டுபோனால் கூம்பு மாதிரி நிற்கும், பார்க்க நன்றாக இருக்காது.

பழைய உஷா:

படித்தேன். சூத்திரம் பொய் என்று முப்பது வருடம் கழித்துச் சொல்கிறாய்! ஆனால் கப்பைத் தனித் துண்டாக வைத்துத் தைக்கும் கட்டோரி ஜாக்கெட் வெட்டும்போது நானும் கப்பைத் தனியாகத்தான் அளக்கிறேன். முனைக்கு முனை எவ்வளவு, முனையிலிருந்து கீழ்ப்பட்டி எவ்வளவு என்று கேட்காமல் கத்தரி வைப்பதில்லை. நீ சொல்வதும் அதுதான், தாளைக் கிழித்துச் செய்கிறாய். அளவு உடுப்பு விஷயத்தில் மட்டும் நான் மாற மாட்டேன்.

நூல்கண்டு:

அளவு உடுப்பு கொடுத்து வீணாய்ப்போன கதை என்னிடம் மூன்று இருக்கிறது அம்மா. அளவு ஜாக்கெட்டில் இருந்த கோணல்கூட அப்படியே வந்தது.

பழைய உஷா:

அது தைத்தவன் கோணல்.

கோட்டை மதில்:

தலைப்பாகையையும் உடுப்பையும் மாற்றச் சொன்னதற்கு 1806 ஜூலையில் நம் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது எல்லாருக்கும் தெரியும். ஆம்ஹோலுக்காக இன்னொன்று வேண்டாம். நான் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன், தொடருங்கள்.

குடியாத்தம் கட்டம்:

பாபின் சொன்னபடி தாளை வெட்டியதும் நல்ல துணியில் கை வைக்காதீர்கள். எங்கள் ஊரில் தறி இருக்கிற வீடுகளில் லுங்கிக்குப் பஞ்சம் இல்லை. ஒரு பழைய கட்டம் போட்ட லுங்கியை எடுங்கள். 2 மீட்டர் இருக்கும், ஒரு டாப்பின் முன்னும் பின்னும் தாராளமாக வரும். கை, பட்டன், கழுத்துப் பட்டி எதுவும் வேண்டாம். ஷோல்டர், டாட், பக்கம் மூன்றையும் பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள்.

வெள்ளைக் காடாவில் செய்யச் சொல்வார்கள். கட்டம்தான் நல்லது என்பது என் அனுபவம். லுங்கியில் கிடைக்கோடும் நிலைக்கோடும் நெய்தே வந்திருக்கிறது. கண்ணாடி முன் நின்றால் கிடைக்கோடு தரைக்குச் சமமாக ஓட வேண்டும். மார்புக்கு நேரே மேல்நோக்கி வளைந்தால் அங்கே நீளம் போதவில்லை. முதுகில் கழுத்துக்குக் கீழே கோடு மேலே வளைந்தால் கூன் இருக்கிறது, அங்கே நீளம் கூட்ட வேண்டும். ஒரு தோளில் மட்டும் கோடு சரிந்து ஓடினால் அந்தத் தோள் இறக்கம். எனக்கு இடது தோள் கால் இன்ச் இறக்கம் என்று நாற்பது வயதில் ஒரு லுங்கிதான் சொன்னது. எந்த டைலரும் சொன்னதில்லை.

வெட்டும்போது பேட்டர்ன் நடுக்கோட்டை லுங்கியின் ஒரு நிலைக்கோட்டின் மேல் வையுங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்துபோன இடத்தை விட்டுவிடுங்கள், அங்கே கட்டமே நெளிந்திருக்கும். டி ஷர்ட் மாதிரி இழுபடும் துணியில் தைக்கப்போகிறீர்கள் என்றால் லுங்கி சோதனை உதவாது.

ஆம்பூர் அப்பர்:

ஆண்பிள்ளை இங்கே எழுதலாமா? ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் வேலையில் பதினோரு வருடம். உங்கள் துணியில் ஊசி ஏறின ஓட்டை துவைத்தால் மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. ஒரு முறை தப்பாகத் தைத்தால் அந்தத் துண்டு போச்சு. அதனால் எங்கள் தொழிலில் பிரித்துத் தைக்கிற பேச்சே கிடையாது, எல்லாத் தப்பையும் பேட்டர்னிலேயே பண்ணி முடித்துவிட வேண்டும்.

கால் வடிவத்தில் லாஸ்ட் என்று ஒரு கட்டை இருக்கும். அதன்மேல் டேப்பைச் சுற்றி ஒட்டி, டேப்பின் மேலேயே டிசைன் வரைந்து, உரித்து, அட்டையில் தட்டையாக ஒட்டுவோம். தட்டையாகாமல் எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே வெட்டு கொடுப்போம். நீங்கள் டாட் என்பதும் அந்த மடிப்பைத்தான் என்று இப்போதுதான் புரிகிறது. என் வீட்டில் இதே முறையில் மனைவிக்கு உடம்பு மாதிரியே ஒரு பொம்மை செய்தோம். பழைய டி ஷர்ட் போட்டு, அதன்மேல் பேக்கிங் டேப்பைச் சுற்றி, முதுகில் வெட்டிக் கழற்றி, உள்ளே பழைய துணி அடைத்தோம். ஜாக்கெட் ஊசி குத்திப் பார்க்க அருமையாக இருக்கிறது.

பட்டுத்துணி தைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆரணிப் பட்டில் பிரித்த ஓட்டை தோல் மாதிரிதான், தெரியும்.

காட்பாடி ஜங்ஷன்:

அண்ணா, அந்த டேப் பொம்மையை நானும் நெட்டில் பார்த்துச் செய்தேன். செய்தது மே மாதம் மதியம், கரண்ட் போன நேரம். தங்கை சுற்றிக்கொண்டே இருந்தாள், பாதியில் எனக்குக் கண் இருட்டிவிட்டது. கத்தரியை எடுத்து டி ஷர்ட்டோடு சேர்த்து வெட்டிக் கழற்றினோம். வேலூர் வெயிலில் அதைச் செய்பவர்கள் விடியற்காலையில், ஃபேன் கீழே, மார்பை இறுக்காமல் செய்யுங்கள். கூட ஓர் ஆள் கட்டாயம் இருக்கட்டும். பொம்மை என்னைவிட ஒரு சுற்று பெரிதாக வந்தது, அது வேறு விஷயம். டேப் பல அடுக்கு ஏறினால் அளவும் ஏறும்.

பாகாயம்:

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. அம்மாவுக்கு எட்டு மாதம் முன்பு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது எந்த ஜாக்கெட் போட்டாலும் இடப்பக்கம் துணி குழிந்து மடிகிறது, வலப்பக்கம் இழுக்கிறது. இடது கை கொஞ்சம் வீங்கியிருப்பதால் கை ஏறவே கஷ்டம். தெரிந்த கடையில் கேட்டோம். எல்லார் எதிரிலும் சத்தமாக, "உள்ளே பஞ்சு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அளவெடுக்க யாரையும் விட மாட்டேன் என்கிறார். எனக்குத் தைக்கத் தெரியும், நைட்டி அளவுக்குத்தான்.

பழைய உஷா:

இதைவிடச் சம்பந்தமான கேள்வி இந்த இழையில் வரவில்லை மகளே. நான் இரண்டு பேருக்குத் தைத்திருக்கிறேன்.

முதலில், துணியை இரண்டாக மடித்து முன்பக்கம் வெட்டும் பழக்கத்தை விட்டுவிடு. இடது முன்பக்கம் ஒரு தாள், வலது முன்பக்கம் வேறு தாள். வலதுக்கு வழக்கம்போல டாட் வை. இடதுக்கு டாட் வேண்டாம், அல்லது அரை இன்ச்சுக்குச் சின்னதாக ஒன்று போதும். மேடு இல்லாத பக்கத்துக்கு நீளமும் குறைவாகத்தான் வேண்டும். அந்த அதிகத் துணியை ஊக்குப் பட்டியில் குறைத்தால் இரண்டு பக்கமும் ஏறுக்குமாறாக நிற்கும், நடுவை விட்டுவிட்டுப் பக்கத்தில் குறை. அம்மா உள்ளே மார்புக்குப் பதில் ஏதாவது வைத்துக்கொள்பவர் என்றால் கணக்கு வேறு. அதை வைத்துக்கொண்டே அளவெடு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடும். லைனிங்கில் ஒரு பை தைத்துக் கொடுத்தால் நழுவாது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம், நீ அந்தப் பேச்சை எடுக்காதே.

கையை இரண்டாகத் தனித்தனியே வெட்டு. வீங்கின கையைச் சாயங்காலம் அள, காலையில் வீக்கம் குறைந்திருக்கலாம். அந்த அளவுக்கு மேல் 2 இன்ச் லூஸ் விடு. ஓரத்தில் எலாஸ்டிக், இறுக்கமான பட்டி எதுவும் கூடாது. எவ்வளவு லூஸ் வேண்டும் என்று அவர் காட்டுகிற மருத்துவமனையில் கையைப் பார்க்கும் பிசியோவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. திறப்பு முன்பக்கம்தான், கையைத் தூக்க வேண்டியிருக்காது. தழும்பு இருக்கும் இடத்தில் தையல் ஓரம் உரசக் கூடாது. மல் துணியில் லைனிங் கொடுத்து, ஓரம் எல்லாம் இரண்டு துணிக்கும் நடுவே போகும்படி தை.

அளவெடுக்கும்போது டேப்பின் ஒரு முனையை அம்மா கையிலேயே கொடு. எங்கே வைப்பது என்று அவரே வைத்துக் காட்டட்டும். நீ எண்ணை மட்டும் படி.

குடியாத்தம் கட்டம்:

பாகாயம் சகோதரி, இதற்கும் லுங்கி சோதனை செய்யுங்கள். இடது வலது வித்தியாசம் கட்டத்தில் பளிச்சென்று தெரியும். நன்றாகத் துவைத்து மெத்தென்று ஆனதாகப் பாருங்கள்.

பாகாயம்:

நன்றி அம்மா. டேப் முனை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. செய்துவிட்டு எழுதுகிறேன்.

சத்துவாச்சாரி சுடிதார்:

தோழிகளே, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போயிற்று. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 36 சைஸை எதுவும் மாற்றாமல் லுங்கியில் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். ஷோல்டர் அதன் இடத்தில் உட்கார்ந்தது, கழுத்துப் பிளக்கவில்லை. ஆனால் மார்புக்கு நேரே கட்டம் வில் மாதிரி மேலே வளைந்து நின்றது. அதைக் கண்ணால் பார்த்தபோதுதான் பாபின் சொன்ன நீளம் எனக்கு உறைத்தது. அப்புறம் தாளை வெட்டினேன். மயிரிழை விடச் சொன்ன இடத்தில் முதல் தாள் முழுசாகக் கிழிந்தது, இரண்டாவது தாளில் செலோ டேப் ஒட்டிச் சமாளித்தேன். 1 இன்ச் விரித்து, டாட் பிடித்து, லுங்கியின் மிச்சத்தில் முன்பக்கத்தை மட்டும் மறுபடி வெட்டினேன். கட்டம் நேராகிவிட்டது. முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே உயரம். கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இடுப்பில் மொத்தம் 2 இன்ச் கூடிவிட்டது. டாப்தானே என்று கொஞ்சம் மட்டும் பக்கத்தில் வளைத்துக் குறைத்தேன். 36இன் கை என் புஜத்துக்கு இறுக்கம். கையை நடுவில் நீளவாக்கில் வெட்டி முக்கால் இன்ச் விரித்தேன், ஆம்ஹோலோடு சேர்க்கும்போது கொஞ்சம் சுருக்கம் வருகிறது. ஆம்ஹோலை அரை இன்ச் கீழே இறக்கியதும் சேர்ந்தது. அந்த இடத்தில் இப்போது லேசாக லூஸ்.

நல்ல துணியை இந்த முறை வெட்டும் முன்பே ஊறவைத்துக் காயவைத்தேன். இரண்டரை மீட்டரில் 3 இன்ச் சுருங்கியது! போன டாப்பில் இதையும் செய்யவில்லை. அதைத் துவைத்திருந்தால் இன்னொரு கதை ஆகியிருக்கும்.

பாபின்:

கை தோளில் சேரும் இடத்தில் வரும் சுருக்கத்துக்கு, தைப்பதற்கு முன் பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டி நூலை மெல்ல இழுத்து அமர்த்துங்கள். காட்டனில் நன்றாக அடங்கும். முக்கால் இன்ச் விரித்ததை அரை இன்ச்சாகக் குறைத்தும் பார்க்கலாம்.

பழைய உஷா:

ஆம்ஹோல் லூஸை ரொம்ப நோண்டாதே கண்ணு. சித்திரை வெயிலில் அக்குளில் காற்றுப் போக அந்த இடம் வேண்டும். இறுக்கிப் பிடித்தால் வியர்வையில் முதலில் கிழிவது அந்தத் தையல்தான். அப்புறம் ஒன்று, இந்த டாப் நன்றாக வந்தால் பத்திரமாக வை. இனிமேல் அதுதான் உன் அளவு உடுப்பு.

நூல்கண்டு:

அம்மா விடவே மாட்டார்கள் போல!

சத்துவாச்சாரி சுடிதார்:

என் வீட்டுக்காரர்தான் காலையிலிருந்து பச்சைக் கட்டம் போட்ட லுங்கி எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமியாருக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை.

குடியாத்தம் கட்டம்:

புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள் அக்கா. நெருக்கமான கட்டமாகப் பார்த்து வாங்குங்கள், அடுத்த டாப்புக்கும் ஆகும்.